சுண்ணாம்பு படாத மண்

தண்ணீர்க் குழாயடியில் ஒரு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் புள்ள, எத்தன மாசம்?"

அப்படி ஒன்றும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. முதல் நாள் நான் தேயிலை மலையில் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி ஈர மண்ணைக் கிள்ளி வாயில் போட்டதை அவர் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். எங்கள் பக்கத்தில் மண் தின்கிறவள் என்றால் அவள் பிள்ளைத்தாய்ச்சிதான். பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கச் செய்தி போய்விட்டது. என் கணவருக்கு மட்டும் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தது. "எனக்கும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே புள்ள" என்று சிரித்துக்கொண்டே தேத்தண்ணியை ஊற்றினார்.

நான் மண்ணைத் தின்னவில்லை. முன்பற்களுக்கு நடுவில் வைத்து அரைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். நறநறவென்றால் மணல் அதிகம். வெண்ணெய் மாதிரி வழுக்கினால் வெறும் களி. எனக்கு இரண்டும் வேண்டாம். நான் தேடிய மண் வேறு.

கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் நடத்தும் மட்பாண்டப் பட்டறையில் நான்கு வருடமாக வேலை செய்துவந்தேன். முதலில் சாமான்களைக் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை. பிறகு மண் குழைக்க விட்டார்கள். அங்கேதான் ராக்கு என்ற சுடும் முறையைப் பார்த்தேன். சாதாரணப் பாத்திரம் சூளைக்குள்ளேயே ஆறி அடங்கி மறுநாள் வெளியே வரும். ராக்குவில் அந்தப் பொறுமை கிடையாது. பாத்திரம் செக்கச்செவேலென்று கனலும்போதே இடுக்கியால் தூக்கி, காய்ந்த சருகு நிரப்பிய தகர வாளிக்குள் போட்டு மூடிவிட வேண்டும். சருகு பற்றி எரியும். புகை உள்ளேயே திணறும். திறந்தால் கண்ணாடிப் பூச்சு இல்லாத இடமெல்லாம் கன்னங்கரேலென்று இருக்கும், வெள்ளைப் பூச்சில் மயிரிழை மயிரிழையாகக் கறுப்பு வெடிப்பு ஓடியிருக்கும். ஒரே மாதிரி இரண்டு கிடைக்காது.

"ராகுவா? அப்ப கேது எப்ப வரும்?" என்றார் என் கணவர். அந்த நகைச்சுவையை ஒரு வாரத்துக்கு நிறுத்தவில்லை.

அந்தச் சூட்டையும் அந்தக் குளிரையும் அடுத்தடுத்து வாங்கிக்கொண்டு உடையாமல் இருக்க, மண்ணுக்கு உள்ளே இடைவெளி வேண்டும். மிகவும் நைசான மண் வெடித்துவிடும். நல்ல களியோடு, ஏற்கெனவே ஒருமுறை வெந்த மண்ணை இடித்துப் பொடியாக்கிக் கலந்தால் தாங்கும். பட்டறையில் அதெல்லாம் மூட்டையில் வரும். எங்கள் கந்தப்பளைத் தோட்டத்தில் நான் எங்கே போவது?

இது பொழுதுபோக்குக்காகத் தொடங்கிய வேலை இல்லை. எனக்கு ஒரு மகள். நான் கொழும்புக்குப் போனபோது முதலாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். நான் மண் தேடியபோது நாலாம் வகுப்பு முடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் அவள் பல் விழுந்தது, முளைத்தது, சைக்கிள் ஓட்டப் பழகியது எல்லாமே எனக்குத் தொலைபேசியில்தான். தலை வாரிவிடுவதிலிருந்து சோறு ஊட்டுவது வரை என் கணவர் செய்தார், தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலையோடு. நான் வருடத்துக்கு மூன்று தடவை வந்து போகிற விருந்தாளி. சொந்த வீட்டில் எனக்குத் தட்டில் முதலில் சோறு போடும்போதெல்லாம் அழுகையாக வரும்.

எங்களுக்குப் பக்கத்து நுவரெலியாவில் ஒரு ஹோட்டல். அதன் மேனேஜர் எங்கள் பட்டறைக்கு வந்து, சாப்பாட்டு மேசைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்க ராக்குக் கிண்ணங்கள் கேட்டார். நான் கந்தப்பளை என்று தெரிந்ததும், "ஊரிலேயே செய்தால் என்ன? மாதிரிக்குப் பன்னிரண்டு கொண்டு வாருங்கள், பிடித்தால் தொடர்ந்து எடுக்கிறேன்" என்றார். பட்டறை அம்மாள் முகத்தைச் சுளிக்கவில்லை. "தைப்பொங்கல் வரைக்கும் லீவு தர்றேன். சரிவந்தா அங்கயே இரு, இல்லாட்டி வந்துடு" என்றார். சூளை செய்யச் சாமான்களும் பூச்சும் கொடுத்தனுப்பினார். சரிவந்தால் மகளோடு இருப்பேன், சரிவராவிட்டால் கொழும்பு பஸ். கணக்கு அவ்வளவு சுலபம்.

மண் தேடிய கதைக்கு வருகிறேன். முதலில் தேயிலை மலைச் சிவப்பு மண்ணை எடுத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. ஈரமாக்கி, மெல்லிய திரியாக உருட்டி விரலில் சுற்றினேன்; நாலு இடத்தில் விரிசல் விட்டுக் கையிலேயே உதிர்ந்தது. அடுத்து ஓடைக் கரை மண். விரலில் நன்றாகச் சுற்றியது. ஆனால் அதில் தட்டிய வில்லை காயும்போது சுருங்கிச் சுருங்கி, நடுவில் வெடித்து இரண்டாகப் போனது. மூன்றாவது, மலைக்குக் கீழே தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் லீக்ஸ் காய்கறி போட்டிருந்த ஒருவரிடம் கெஞ்சி, அவருடைய பாத்தியின் ஓரத்தில் தோண்டினேன். மேல் மண்ணை இரண்டடிக்கு விலக்கியதும் சாம்பல் நிறத்தில், துருப்பிடித்த கோடுகளோடு ஒரு மண் வந்தது. போத்தலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி வைத்தேன். அடியில் கொஞ்சமே மணல், மேலே கனமாகக் களி. திரியாக உருட்டி விரலில் மூன்று சுற்றுச் சுற்றினேன். ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு எனக்குப் பசிக்கவே இல்லை.

அதைக் காயவைத்து, இடித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கட்டிலுக்குக் கட்டும் நுளம்பு வலையில் வடிகட்டி, கோதுமை மா சாக்கில் கட்டித் தொங்கவிட்டேன். கொழும்பில் இரண்டு நாளில் தண்ணீர் வற்றிவிடும். இங்கே கார்த்திகை மாதத்து மழையும் மூடுபனியும் சேர்ந்து, பதினோரு நாளாகியும் சாக்கு சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் குசினி அடுப்புக்கு மேலே கம்பியில் கட்டினேன். சமைக்கும்போதெல்லாம் தலையில் இடித்தது. "வீட்டுக்கு மாமியார் வந்த மாதிரி இருக்கு" என்றார் என் கணவர், குனிந்து குனிந்து நடந்தபடி.

இனி, வெந்த மண்ணின் பொடி. அதற்குத்தான் நான் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்றைச் செய்தேன்.

எங்கள் தோட்டத்தில் வரிசை அறைகளாக இருந்த பழைய லயம் ஒன்றை இடித்திருந்தார்கள். எல்லாருக்கும் தனித்தனி வீடு கட்டியாகிவிட்டது, எங்களுக்கும்தான். இடித்ததில் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. ஒழுகுகிற தகரத்தின் கீழ் எட்டுப் பேர் படுத்த காம்பராவை நினைத்து உருக என்ன இருக்கிறது? ஆனால் அந்த இடிபாட்டைப் பார்த்ததும் மூளை வேறு மாதிரி வேலை செய்தது. நான் பிறந்த காம்பராவின் நடுச்சுவர் செங்கல் அங்கே குவிந்து கிடந்தது. செங்கல் என்பது வெந்த மண். இடித்துக் கலந்தால் போதும். அதோடு ஹோட்டலுக்குச் சொல்ல ஒரு கதையும் ஆயிற்று. நான் பிறந்த லயத்தின் சுவர் இந்தக் கிண்ணத்துக்குள் இருக்கிறது என்று சொன்னால் வெள்ளைக்காரர்கள் கண் கலங்குவார்களே!

கம்பிப் பிரஷ்ஷால் செங்கல்லைத் தேய்த்துக் கழுவினேன், இடித்தேன், சலித்தேன். மூன்று பங்கு களிக்கு ஒரு பங்கு பொடி. ரொட்டி மா பிசைவது போலத்தான், உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளித் தள்ளி, உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. கிண்ணங்கள் செய்து, காயவைத்து, முதலில் ஒருமுறை மெதுவாகச் சுட்டு, பூச்சுப் பூசி, மறுநாளே ராக்குவில் போட்டேன். தகர டிரம்மில் செய்த சூளை, கேஸ் நெருப்பு, வாளிகளில் பைன் மரச் சருகு. பதினாறு வைத்தேன். பதினாறும் உடையாமல் வந்தன. புகையில் இருமிக்கொண்டே நான் குதித்தேன். தோட்டத்துச் சனம் வேலியோரம் நின்று பார்த்தது. குழாயடி அக்கா, "இதுக்கா மண்ணத் தின்ன?" என்றார்.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே பன்னிரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதையையும் கொடுத்தேன். மேனேஜர் கிண்ணத்தைவிடக் கதையைத்தான் அதிகம் ரசித்தார். ஒவ்வொரு மேசையிலும் கதையை அச்சடித்த சின்ன அட்டை வைக்கலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு மகளிடம், "அம்மா இனி போகமாட்டேன்டி" என்று சொல்லிவிட்டேன். அவள் செருப்புக்கூடப் போடாமல் அடுத்த வீட்டுக்கும் அதற்கு அடுத்த வீட்டுக்கும் ஓடினாள்.

பத்து நாள் கழிந்தது. வீட்டில் மிச்சம் வைத்திருந்த நாலு கிண்ணங்களில் ஒன்றைத் துடைக்க எடுத்தேன். விளிம்பில் பயறளவு ஒரு குழி. கீழே மேசையில் அதற்குரிய சில்லு கிடந்தது. யார் தட்டியது என்று வீடே அதிரக் கத்தினேன். கணவரைத் திட்டினேன், மகளைத் திட்டினேன், வராத பூனையைக்கூடத் திட்டினேன். மறுநாள் இன்னொரு கிண்ணத்தில் இரண்டு குழி. அதற்கடுத்த நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிக் என்று ஒரு சில்லு தானாகத் தெறித்தது. யாரையும் திட்ட முடியவில்லை.

கொழும்பு அம்மாளைக் கூப்பிட்டேன். அவர் சிங்களவர், எங்கள் பேச்சு பாதி சிங்களம், பாதி தமிழ்.

"குழிக்கு நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி இருக்கா பாரு."

இருந்தது. எல்லாக் குழியிலும் இருந்தது.

"அது சுண்ணாம்பு. சூளையில வெந்து நீறாயிடும். பிறகு காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சு உப்பும். உப்புனா மேல இருக்கிறதைத் தள்ளும். உங்க ஊர் பனிக்குக் கேக்கவே வேணாம். மண்ணையும் பொடியையும் தனித்தனியா எடுத்து, ரெண்டுலயும் ஊறுகாய்க்கு ஊத்துற வினாகிரிய ஊத்திப் பாரு, சுண்ணாம்பு இருந்தா நுரைக்கும்."

காய்கறிப் பாத்திக்குச் சுண்ணாம்பு போடுவார்கள், அந்த மண்தான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டு, களியில் வினாகிரியை ஊற்றினேன். சும்மா இருந்தது. செங்கல் பொடியில் ஊற்றினேன். சோடாப் போத்தலைத் திறந்தது மாதிரி நுரைத்தது.

பிறகு புரிந்தது. தீபாவளி வந்தால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம். கல்யாணம் என்றால் அடிப்போம். கல்லையும் கல்லையும் ஒட்டியிருந்த சாந்தும் சுண்ணாம்புதான். எத்தனை தலைமுறை வெள்ளையோ அந்தச் சுவரில் ஊறிக் கிடந்தது. நல்ல காரியத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துப் பழகிய எங்களுக்கு அது கெடுதல் செய்யும் என்று தோன்றவே தோன்றாது. வேறு யாராவது என்றால் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்ததுமே அந்தக் கல்லை விலக்கியிருப்பார்கள். நான் நம்ம வீட்டுக் கல் என்று அணைத்துத் தூக்கி வந்தேன். கதைக்கு ஆசைப்பட்டதற்கு எனக்கு நன்றாக வேண்டும்.

"ஹோட்டல்ல சொல்லாத புள்ள" என்றார் என் கணவர். "அங்க கணப்பு எரியுது. காஞ்ச எடம். உதிராமலும் இருக்கலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் இங்கேயே இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார். அந்த ஆசை எனக்கு மட்டும் இல்லையா? ஆனாலும் ஒரு வெள்ளைக்காரி சாப்பிடுகிற தட்டில் என் கிண்ணத்தின் சில்லு தெறித்து விழுவது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. காலை பஸ்ஸைப் பிடித்தேன். கந்தப்பளையிலிருந்து நுவரெலியா வரைக்கும் என்ன சொல்வது என்று யோசித்து, ஒன்றும் கிடைக்காமல் இறங்கினேன்.

மேனேஜரிடம் சிங்களத்தில் பேசினேன். எனக்கு ஞாபகம் இருப்பது தமிழில்.

"அந்தக் கிண்ணத்தையெல்லாம் திருப்பிக் குடுத்துடுங்க சேர்."

"ஏன், வேற ஹோட்டல் கேட்டாங்களா?"

"இல்ல சேர். அது உதிரும்."

அவர் அலமாரியைத் திறந்தார். மூன்றில் குழி விழுந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"அட்டையெல்லாம் அச்சடிக்கக் குடுத்தாச்சே. அந்தச் செங்கல்லுல கொஞ்சம் மட்டும் போட்டா?"

"கொஞ்சம் போட்டா கொஞ்சம் உதிரும் சேர்."

அவர் சிரித்தார். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. "மறுபடி பன்னிரண்டு கொண்டு வாங்க, பாக்கலாம். ஆனா நான் வாக்குக் குடுக்கல" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு கை நிறையப் பெட்டி இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

மகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா மறுபடி போக வேண்டி வரலாம் என்றேன். அவள் அழவில்லை. "நான் டீச்சர்கிட்டயும் சொல்லிட்டேனே" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் அழுதிருக்கலாம்.

மறுநாள் வேலை முடிந்து வந்த என் கணவர், உரச் சாக்கு ஒன்றைத் தோளிலிருந்து இறக்கினார். உள்ளே உடைந்த மஞ்சள் நிறக் கற்கள். தொழிற்சாலையின் பெரிய அடுப்புக்குள் சுற்றிவரப் பதித்திருக்கும் நெருப்புக் கல். பழையதைப் பெயர்த்துப் புதிது வைத்தபோது பின்பக்கம் கொட்டியிருந்தார்களாம். தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் கேட்டு எடுத்து வந்திருக்கிறார்.

"வருசக்கணக்கா தீயில கெடந்தது. இதுக்கு மேல இது என்னா வேகணும்?"

நான் உடனே போய் வினாகிரிப் போத்தலை எடுத்தேன். சூடு கண்டவளுக்கு இனி யார் கொண்டு வந்தாலும் சோதனைதான். கல் நுரைக்கவில்லை. தீப்பட்ட பக்கம் மட்டும் சாம்பல் படிந்து கண்ணாடி போல மின்னியது. அந்தப் பக்கத்தையெல்லாம் உளியால் கொத்தித் தள்ளிவிட்டு, உள் கல்லை மட்டும் வைத்துக்கொண்டேன். தூசு பறக்காமல் தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டி, உரலில் இடித்தோம். அவர் ஒரு குத்து, நான் ஒரு குத்து. குத்துக்கு நடுவில் அவர் சொன்னார்: "ஹோட்டல்ல சொல்லாதன்னு அன்னைக்கு நான் சொன்னத மனசுல வச்சுக்காத." எனக்குக் கோபம் எப்போதோ போய்விட்டது. இருந்தாலும் அடுத்த நாலு குத்தைக் கொஞ்சம் பலமாகவே போட்டேன்.

பழைய உரல், வலை, வாளி எல்லாவற்றையும் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். பள்ளத்தில் மறுபடி தோண்டினேன். மறுபடி ஊறல், வடிகட்டல், குசினியில் தலையில் இடிக்கும் சாக்கு. பொங்கலுக்குள் முடியாது என்று தெரிந்ததும் கொழும்பு அம்மாளைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். மாசி பிறக்கும் வரை பொறுத்தார். "அதுக்கு மேல என்னால ஏலாது, வேலை தேங்குது" என்றார். அதில் நியாயம் இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் பதினெட்டுக் கிண்ணங்களைச் சுட்டேன். ஒன்று இடுக்கியிலிருந்து நழுவி உடைந்தது. அது என் கையின் குற்றம், மண்ணின் குற்றமில்லை. மற்றதெல்லாம் கல்லு மாதிரி வந்தன. இந்தத் தடவை நான் குதிக்கவில்லை. கிண்ணங்களை இட்லிச் சட்டியில் வைத்து ஒரு மணி நேரம் அவித்தேன். பிறகு ஈரத்தோடு வெளியே பலகையில் அடுக்கி, பனியில் விட்டேன். உதிருவதென்றால் இப்போதே உதிரட்டும், ஹோட்டலுக்குப் போய் உதிர வேண்டாம். தை மாதத்துப் பனி காலையில் புல்லையே வெள்ளையாக்கிவிடும். ஒவ்வொரு காலையும் நான் போர்வையோடு போய், ஒவ்வொரு விளிம்பையும் கட்டைவிரலால் தடவினேன். ஒரு வாரம். பத்து நாள். பத்தாம் நாளை நினைத்துத்தான் எனக்குப் பயம். ஒன்றும் இல்லை. பதினான்காம் நாளும் ஒன்றும் இல்லை.

மேனேஜர் நகத்தால் கீறிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், தண்ணீரில் நனைத்துக்கூடப் பார்த்தார்.

"இதுக்கு என்ன கதை?"

"கதை ஒண்ணும் இல்ல சேர். உதிராது."

அது என் கணவர் பன்னிரண்டு வருடம் விறகு தள்ளிய அடுப்பின் கல் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. எல்லாவற்றையும் அட்டையில் அச்சடிக்கக் கொடுக்க வேண்டுமா என்ன? அவர் ஒரு கிண்ணத்துக்குள் மெழுகுவர்த்தியை ஏற்றினார். கறுப்பு வெடிப்புகளெல்லாம் வெளிச்சத்தில் தெரிந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏப்ரல் சீசனுக்கு நாப்பது வேணும். அதுக்குப் பிறகு மாசாமாசம் பேசிக்கலாம்" என்றார்.

மத்தியானத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தேன். மகள் மேசையில் கணக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு தடவை அவசரப்பட்டுச் சொன்னது போதும். முதலில் கொழும்புக்குப் பேசினேன். அம்மாள் முழுவதும் கேட்டார், சந்தோஷம் என்றார், இனி மண் குழைக்கப் புதிதாக ஒருத்தியைப் பழக்க வேண்டும் என்றார். அவருக்கும் நஷ்டம்தானே. பிறகு, தங்கும் அறையில் இருந்த என் கட்டிலைப் புதிதாக வரும் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

"குடுத்துடுங்க மேடம்" என்றேன்.

போனை வைத்ததும் மகள் தலையை நிமிர்த்தினாள்.

"எதக் குடுக்கச் சொன்னீங்க?"

"அங்க இருக்கிற என் கட்டில."

அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப நீங்க போனா எங்க படுப்பீங்க?"

"அங்க எனக்கு இனிமே படுக்க எடமில்ல" என்றேன்.

அவள் கணக்குப் புத்தகத்தை மூடினாள். பிறகு கதவடியில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, டீச்சர் வீட்டுப் பக்கம் ஓடினாள்.